முத்திரை பெற்ற இரும்புப் பெட்டி

அரிசி வாங்கப் போகிறவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்க்கிறார். துணி வாங்குகிறவர் இழையைத் தடவிப் பார்க்கிறார். பாத்திரக் கடையில் குடத்தைச் சுண்டி ஓசை கேட்கிறோம். பொருளின் தரத்தை வாங்குகிறவரே ஒருவாறு ஆராய்ந்துகொள்ளலாம் என்ற நம்பிக்கையின் மேல்தான் வாணிகம் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. ஆனால் எவ்வளவு கூரிய கண்ணும் கையும் படைத்தவராயினும் இவ்வாறு ஆராய்ந்தறிய இயலாத பொருள்கள் சில உண்டு. அவற்றுள் ஒன்றன் வரலாற்றையே இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

நிலக்கரிச் சுரங்கம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை ஆகிய இடங்களில் எரியக்கூடிய வாயு காற்றோடு கலந்து நிற்க நேரலாம். அங்கே ஒரு மின்பொறி போதும், பெருவெடிப்பு நிகழ்ந்துவிடும். ஆகவே அங்கு வைக்கப்படும் மோட்டார், சுவிட்சு, விளக்கு முதலியவற்றைத் தனி முறையில் செய்கிறார்கள். செய்தால் மட்டும் போதாது. உரிய சோதனைக்கூடத்திலிருந்து அத்தாட்சி பெற்ற பிறகே அவற்றை விற்கலாம். இந்த அத்தாட்சி முறை எப்படித் தோன்றியது, சாதனங்களைச் செய்யும் உற்பத்தியாளரை அது எவ்வாறு கட்டுப்படுத்தியது, எவ்வாறு காப்பாற்றியது என்பவை பலர் அறியாத செய்திகள்.

கதை மின்சாரத்துக்கு முன்பே தொடங்குகிறது. 1812-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, இங்கிலாந்தின் வட பகுதியில் உள்ள ஃபெல்லிங் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து 92 பேர் மாண்டனர். சுரங்கத்தில் கசியும் மீதேன் வாயு தொழிலாளரின் விளக்குச் சுடரில் பற்றிக்கொள்வது அக்காலத்தில் அடிக்கடி நடந்த கொடுமை. 1815-இல் ஸர் ஹம்ஃப்ரி டேவி சுடரைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை ஒன்றை அமைத்து அபாயமற்ற விளக்கைச் செய்தார். வலையின் கண்களுக்குள்ளே புகுந்து வெளிவரும் சுடர், உலோகத்துக்கு வெப்பத்தைக் கொடுத்துக் குளிர்ந்துவிடுகிறது. வெளியே உள்ள வாயுவைப் பற்றவைக்க அதற்கு வலு இருப்பதில்லை. இந்த ஒரு தத்துவத்தை நினைவில் இருத்திக்கொள்ளுமாறு நேயர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்சாரம் சுரங்கத்துக்குள் இறங்கியது. நீர் இறைக்கவும், கரி வெட்டவும், வண்டிகளை இழுக்கவும் மோட்டார்கள் வந்தன. வேலை பெருகியது, புதியதோர் அபாயமும் கூடவே வந்தது. மோட்டாரின் தூரிகைகளிலும் சுவிட்சின் முனைகளிலும் பொறி பறப்பது இயல்பு. பொறியைத் தடுக்க முடியாவிட்டால் காற்றுப் புகாத பெட்டியில் மோட்டாரை அடைத்துவிடலாமே என்று தோன்றும். அந்த யோசனை நடைமுறைக்கு ஒவ்வாது. மோட்டார் ஓடும்போது சூடேறி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும். நின்றபின் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். பெட்டி மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். அந்த மூச்சோடு மீதேனும் உள்ளே போய்விடும்.

ஜெர்மனியில் ரூர் நிலக்கரிப் பிரதேசத்தைச் சேர்ந்த கெல்ஸன்கிர்ஹன் என்ற ஊரில் கார்ல் பைலிங் என்னும் சுரங்கப் பொறியியல் நிபுணர் இந்தச் சிக்கலை ஆராய்ந்தார். அவருடைய சோதனை முடிவுகள் 1906-இல் வெளிவந்தன. வெடிப்பை முற்றிலும் தடுப்பதை அவர் குறிக்கோளாகக் கொள்ளவில்லை. பெட்டிக்குள் வெடிப்பு நேரட்டும். பெட்டி அதைத் தாங்கட்டும். மூடியும் உடலும் சேருகிற விளிம்பு போதிய அகலமாகவும் இடைவெளி மிகக் குறுகலாகவும் இருந்தால், அதன் வழியே பீறிடும் சுடர் வெளிவருமுன் குளிர்ந்துவிடும் என்று அவர் காட்டினார். டேவியின் கம்பி வலை இரும்பு விளிம்பாக உருமாறியதுதான் இது. ஆங்கிலத்தில் இதற்கு ஃபிளேம்புரூஃப் என்று பெயர் வழங்கிற்று. நாம் சுடர்காப்புப் பெட்டி என்று சொல்லலாம்.

இனி முதலில் சொன்ன அரிசிக்கு வருவோம். ஒரே வார்ப்படச்சாலையில் ஒரே அச்சில் வார்த்த இரண்டு பெட்டிகளை எதிரே வைத்துக்கொள்வோம். நிறை ஒன்று, நிறம் ஒன்று, ஓசை ஒன்று. ஒன்றில் விளிம்பு இடைவெளி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மற்றொன்றில் ஒன்றேகால் மில்லிமீட்டர். முன்னது சுரங்கத்தில் நூறு உயிரைக் காக்கும். பின்னது நூறு உயிரை வாங்கும். இந்த வேற்றுமை வெடிப்பு நேரும் கணம் வரையில் வெளிப்படாது. இருபது ஆண்டு பழுதின்றி ஓடிய மோட்டாரைக்கூட நல்ல மோட்டார் என்று நாம் சாட்சி சொல்ல முடியாது. அந்த இருபது ஆண்டில் அதனுள்ளே ஒருமுறையேனும் வாயு புகுந்து வெடித்திருந்தாலன்றி அதற்குச் சோதனையே நேரவில்லை என்பதுதான் பொருள். வாங்குகிறவரும் அறிய முடியாது. நேர்மையாகச் சொல்லப்போனால், விற்கிறவரும் அறிய முடியாது. இத்தகைய பொருளின் சந்தையில் நன்றாகச் செய்கிறவனுக்குச் செலவு அதிகம், விலை அதிகம். மோசமாகச் செய்கிறவன் குறைந்த விலைக்குக் கொடுத்து அவனை விரட்டிவிடுவான். மூன்றாவது ஒருவர் வந்து வெடித்துப் பார்த்துச் சொன்னாலன்றி இதற்கு விமோசனம் இல்லை.

அந்த மூன்றாவது மனிதர் வருவதற்குள் பலர் மடிய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மேற்கு விர்ஜீனியா மாநிலத்து மானங்கா சுரங்கத்தில் 1907-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி நேர்ந்த வெடிப்பில் 362 பேர் இறந்ததாக அரசாங்கக் கணக்கு. அது போன்ற விபத்துக்கள் எழுப்பிய கூக்குரலின் பயனாக 1910-இல் அந்நாட்டில் சுரங்கத்துறை நிலையம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டே அந்த நிலையம் வெடிப்புக் காப்பு மோட்டார்களைச் சோதிக்கும் விதிகளை வெளியிட்டு, தேறியவற்றை அனுமதிக்கத்தக்கவை என்று முத்திரையிடத் தொடங்கியது.

பிரிட்டனில் நடந்தது சற்று வேறு வகை. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் நாட்டு முறை அதன் வழியில் வந்தது.

தெற்கு வேல்ஸில் ஸெங்கனித் என்பது ஒரு சுரங்க ஊர். அங்கே 1913-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதி காலை நேர்ந்த வெடிப்பில் 439 தொழிலாளர் இறந்தனர். மீட்கப் போன ஒருவரும் மாண்டார். பிரிட்டிஷ் சுரங்க வரலாற்றில் அதைவிடக் கொடிய விபத்து இல்லை. விசாரணை நடந்தது. காரணம் இன்னதென்று ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்படவில்லை. மேலாளருக்கு 24 பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. கம்பெனிக்கு 10 பவுன். இறந்தவர் தொகையால் வகுத்துப் பார்த்தவர்கள் தலைக்கு ஒரு ஷில்லிங் சொச்சம் என்று கணக்கிட்டு எழுதினார்கள்.

சந்தேகத்துக்கு உள்ளானவற்றுள் ஒன்று, மிகச் சாதாரணமான மின்சார மணி. சுரங்கச் சாலை நெடுகிலும் இரண்டு வெற்றுக் கம்பிகள் ஓடும். வண்டியை நிறுத்தவோ இழுக்கவோ சைகை காட்ட வேண்டியவர் அவ்விரண்டையும் கையால் சேர்த்து அழுத்துவார். அல்லது கையில் உள்ள இரும்புத் துண்டால் இணைப்பார். கோடியில் மணி ஒலிக்கும். சில பாட்டரிகளின் மின்சாரம்தானே, இதில் என்ன அபாயம் என்றே எல்லோரும் எண்ணினர். பேராசிரியர் வீலர், பேராசிரியர் தார்ண்டன் ஆகியோர் செய்த ஆராய்ச்சி அந்த எண்ணத்தைத் தகர்த்தது. மணியினுள்ளே உள்ள கம்பிச் சுருள் காந்தசக்தியைச் சேமித்து வைக்கிறது. கம்பிகளைப் பிரிக்கும் கணத்தில் அந்தச் சக்தி முழுவதும் பொறியாக வெளிப்படுகிறது. வாயுவைப் பற்றவைப்பதற்கு அது போதும்.

பரிகாரம் வியக்கத்தக்க எளிமையுடையது. மணியின் சுருளோடு இணையாக ஒரு சிறு மின்தடையைச் சேர்த்துவிட்டால் சேமித்த சக்தி அதன் வழியே தணிந்துபோகும். பொறிக்கு வலு இராது. இரும்புப் பெட்டி தேவையில்லை, விளிம்பு தேவையில்லை. மின்சுற்றையே பற்றவைக்கும் வலுவற்றதாக அமைத்துவிடும் இந்த வழிதான் பிற்காலத்தில் ஒரு தனிக் காப்பு முறையாக வளர்ந்து, இன்று எண்ணெய் ஆலைகளின் அளவுகருவிகள் பெரும்பாலானவற்றைத் தாங்கி நிற்கிறது. மணி செய்கிறவர்களின் நிலையை மட்டும் யோசித்துப் பாருங்கள். அதுவரையில் அவர்கள் வெறும் மணிக்காரர்கள். ஆராய்ச்சிக்குப் பின்போ, சுருளில் எத்தனை சுற்று, மின்தடை எவ்வளவு என்று வெளியார் கேட்டுச் சோதிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

1920-களில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் சுரங்கப் பகுதி சுடர்காப்புப் பெட்டிகளைச் சோதித்து அத்தாட்சி கொடுத்து வந்தது. 1926-இல் பிரிட்டிஷ் தர விதி 229 வெளியாயிற்று. 1931-இல் சோதனைப் பொறுப்பை அரசாங்கத்தின் சுரங்க இலாகாவே ஏற்று, பக்ஸ்டன் என்ற ஊரில் சோதனை நிலையம் நடத்தியது. தேறிய பெட்டியின் மேல் ஒரு கிரீடச் சித்திரமும் அதனுள்ளே எஃப்.எல்.பி. என்ற மூன்று எழுத்துக்களும் பொறிக்கப்படும். உலகெங்கும் சுரங்கக்காரர்கள் அந்தக் கிரீடத்தை அறிந்திருந்தார்கள். எஃப்.எல்.பி. என்ற பெயர் நம் நாட்டுத் தொழிற்சாலைப் பேச்சில் இன்றும் வழங்குகிறது. கிரீடம் போய்விட்டது, எழுத்து நிற்கிறது.

சோதனை எப்படி நடக்கும்? பெட்டியை ஒரு பெரிய அறைக்குள் வைப்பார்கள். உள்ளேயும் வெளியேயும் வெடிக்கக்கூடிய விகிதத்தில் வாயுவையும் காற்றையும் நிரப்புவார்கள். உள்ளே பொறியைக் கிளப்புவார்கள். உள்ளிருக்கும் கலவை வெடிக்கும். வெளியிலிருப்பது பற்றாமல் நிற்க வேண்டும். ஒரு முறையன்று, பல முறை இவ்வாறு செய்து பார்ப்பார்கள். பெட்டி பிளந்தாலும் நெளிந்தாலும் போயிற்று. ஓர் அங்குல அகல விளிம்புக்கு ஓர் அங்குலத்தின் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி, அதாவது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், சுரங்கச் சாதனத்துக்கு மேல் எல்லை என்று வகுத்திருந்தார்கள்.

இந்த எண் சிறிதாகத் தோன்றலாம். லேத்தின் முன் நிற்கிறவனுக்கு அதன் பாரம் தெரியும். சாதாரண மோட்டாரின் மூடி சற்றுக் கோணலாக உட்கார்ந்தால் மோட்டார் ஓடாமல் போவதில்லை. சுடர்காப்பு மோட்டாரில் விளிம்பு நெடுகிலும் இடைவெளி அளவுக்குள் இருக்க வேண்டும். தண்டு வெளிவரும் துளையிலும் அப்படியே. வார்ப்பில் ஒரு காற்றுக் குமிழி இருந்தால் அது பெட்டியின் பலத்தைக் கெடுக்கும். துருவைத் தடுக்க விளிம்பில் வண்ணம் பூசவும் கூடாது. போல்ட்டின் தலையைச் சுற்றி இரும்பு வளையம் எழுப்பி, தனிச் சாவியின்றித் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும். சுரங்கத்தில் அவசரக்காரன் எவனும் சாதாரண ஸ்பானரால் மூடியைக் கழற்றிவிடக் கூடாது என்பது நோக்கம். உலோகத்திலும் கட்டுப்பாடு வந்தது. அலுமினியம் போன்ற லேசான உலோகம் துருப்பிடித்த இரும்பில் மோதினால் கடும்பொறி பறக்கும் என்று தெரியவந்தபின், சுரங்கச் சாதனங்களின் உறையில் அதன் அளவுக்கு வரம்பு கட்டினார்கள். இன்றைய சர்வதேச விதியின்படி அலுமினியம், மக்னீசியம், டைட்டேனியம், ஸிர்க்கோனியம் நான்கும் சேர்ந்து 15 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. அலுமினிய வார்ப்பு யந்திரத்தில் முதல் போட்ட உற்பத்தியாளர் தம் பெட்டியோடு சுரங்க வாயிலில் நின்று திரும்ப வேண்டியதுதான்.

இவையெல்லாம் செய்முறைக் கட்டுப்பாடுகள். இவற்றைவிட ஆழமாகப் பாதித்தது வேறொன்று. சோதனைக்கூடம் அத்தாட்சி கொடுப்பது பெயரளவில் பெட்டிக்கு; உண்மையில் அதன் வரைபடத்துக்கு. எந்த வரைபடத்தின்படி மாதிரி செய்யப்பட்டதோ அதற்கு முத்திரை. அதன்பின் உற்பத்தியாளர் ஒரு போல்ட்டை மாற்றினாலும், ரப்பர் வளையத்தின் வகையை மாற்றினாலும், பேரிங் வாங்கும் கடையை மாற்றி அளவு சிறிது வேறுபட்டாலும், மீண்டும் சோதனைக்கூடத்தின் வாசலுக்குப் போக வேண்டும். பிற தொழில்களில் ஒரு கைதேர்ந்த மேஸ்திரி இவ்விடத்தில் சற்று இழைத்தால் நன்றாக இருக்கும் என்று எண்ணினால் இழைத்துவிடுவார். இங்கே அது குற்றம். இதனால் ஒருமுறை அத்தாட்சி பெற்ற வடிவத்தைக் கைவிட மனமின்றிப் பல்லாண்டுக் காலம் அதையே வார்த்துக்கொண்டிருப்பது இத்தொழிலின் வழக்கமாகிவிட்டது. புதுமையை அடக்குகிறது என்று இம்முறையின் மேல் சொல்லப்படும் குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அதே மேஸ்திரி இழைத்த இடம் விளிம்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

செலவின் தன்மையும் கவனிக்கத்தக்கது. பத்து மோட்டார் விற்கிறவருக்கும் பதினாயிரம் விற்கிறவருக்கும் சோதனைச் செலவு ஒன்றே. பெரிய கம்பெனி அதைப் பல பெட்டிகளின் மேல் பங்கிட்டுவிடுகிறது. சிறிய பட்டறைக்கு அது ஓராண்டு லாபத்தை விழுங்கிவிடக்கூடும். மோட்டார் அளவில் பல உண்டு. ஒவ்வோர் அளவுக்கும் தனி ஆராய்ச்சி. இணைப்புப் பெட்டி, விளக்குக் கூடு, கேபிள் நுழையும் கிளாண்ட் போன்றவற்றுக்கு அவ்வளவு பாரமில்லை. சிறு பட்டறைகள் இவற்றின் பக்கம் சாய்வதும், பெரிய மோட்டார்கள் பெரிய கம்பெனிகளிடமே தங்குவதும் இதன் விளைவுகள். அத்தாட்சி என்பது தரத்தை அளக்கும் கோல் மட்டுமன்று, தொழிலுக்குள் நுழைவாரை அளக்கும் வாசற்படியும் ஆயிற்று.

சோதனைக்கூடம் தன் நாட்டில் இல்லாத உற்பத்தியாளருக்கு அந்த வாசற்படி இன்னும் உயரம். இனி இந்தியாவுக்கு வருவோம்.

நம் நாட்டுச் சுரங்கங்களிலும் வாயு உண்டு, மரணமும் உண்டு. ராணிகஞ்ச் பிரதேசத்துப் போய்டி சுரங்கத்தில் 1936-ஆம் ஆண்டு டிசம்பரில் 209 பேர் இறந்தனர். 1958-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி சினாக்குரியில் நேர்ந்த வெடிப்பு 170-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. 1965-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி தோரியில் மாண்டவர் 268 பேர். இவற்றுக்கெல்லாம் மின்சாரமே காரணம் என்று சொல்ல வரவில்லை. வாயுவும் கரித்தூளும் மிகுந்த இடத்தில் எந்தப் பொறிக்கும் மன்னிப்பில்லை என்பதற்காக அவற்றை நினைவு கூர்கிறோம்.

அந்நிய ஆட்சிக் காலத்தில் நம் சுரங்கங்களுக்கு வந்த மின்சாதனம் பெரும்பாலும் பிரிட்டனில் செய்யப்பட்டு, பிரிட்டனில் அத்தாட்சி பெற்று வந்தது. இங்கே ஒருவர் அதே தரத்தில் பெட்டி வார்த்திருந்தாலும் அதைச் சோதித்துச் சொல்ல ஆளில்லை. வார்ப்புக்கு இரும்பு இருந்தது, லேத் இருந்தது, தொழிலாளி இருந்தான். வெடித்துப் பார்க்கும் அறை ஒன்றுதான் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் 1956-இல் தன்பாதில் மத்திய சுரங்க ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் கீழ் வந்த அந்த நிலையத்தில் சுடர்காப்புச் சாதனங்களைச் சோதிக்கும் வசதி ஏற்பட்டதை, ஆராய்ச்சியின் வெற்றி என்பதோடு தொழில் விடுதலையாகவும் நாம் கருதுகிறோம். இந்தியத் தர நிறுவனமும் சுடர்காப்புப் பெட்டிகளுக்கென 2148 என்ற எண்ணுள்ள தர விதியை வகுத்தது. பக்ஸ்டனுக்குக் கப்பலேற்ற வேண்டிய பெட்டி தன்பாதுக்கு ரயிலேறிப் போகலாம் என்ற நிலை வந்தபின்னரே உள்நாட்டு உற்பத்தி வேரூன்ற இடம் கிடைத்தது. 1971 முதல் 1973 வரையில் நிலக்கரிச் சுரங்கங்கள் தேசியமயமாகி, 1975-இல் கோல் இந்தியா அமைந்தபோது, சுரங்கச் சாதனங்களுக்கு நாடு முழுவதிலும் பெரும்பாலும் ஒரே வாங்குகிறவர் என்றாயிற்று. அத்தாட்சியுள்ளவர் டெண்டர் போடலாம். இல்லாதவர் போடக்கூட முடியாது.

இதற்கிடையில் அபாயம் சுரங்கத்தைவிட்டு மேலே ஏறி வந்துவிட்டது. தன்பாதுக்கு அருகிலேயே சிந்திரியில் 1951-இல் உர உற்பத்தி தொடங்கியது. அம்மோனியா செய்ய ஹைட்ரஜன் வேண்டும். பம்பாயின் டிராம்பேயில் 1950-களிலும், பரவுனி, கோயலி, கொச்சி, சென்னைக்கருகில் மணலி ஆகிய இடங்களில் 1960-களிலும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. மீதேனுக்கென்று செய்த பெட்டி இங்கெல்லாம் செல்லாது. 25 மில்லிமீட்டர் அகல விளிம்பில், மீதேன் சுடரைத் தடுக்கக்கூடிய மிகப் பெரிய இடைவெளி 1.14 மில்லிமீட்டர். எதிலின் வாயுவுக்கு அது 0.65. ஹைட்ரஜனுக்கோ 0.29 தான். இந்த வேறுபாட்டை ஒட்டி வாயுக்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள்: சுரங்கத்துக்கு ஒன்று, புரொப்பேன் வகைக்கு ஒன்று, எதிலின் வகைக்கு ஒன்று, ஹைட்ரஜனுக்கும் அசிட்டிலீனுக்கும் ஒன்று. சாதனத்தின் மேற்பரப்பு எவ்வளவு சூடேறலாம் என்பதற்கும் ஆறு வகுப்புக்கள். முதல் வகுப்பில் 450 டிகிரி, ஆறாவதில் 85 டிகிரி. உற்பத்தியாளர் பார்வையில் இது ஒரு பெட்டி பலவாகப் பெருகிய கதை. ஹைட்ரஜன் வகைக்கு மோட்டார் செய்வது நுட்பமும் செலவும் மிகுந்த வேலை, தேவையோ குறைவு.

நாட்டுக்கு நாடு அத்தாட்சி வேறுபட்டது அடுத்த தொல்லை. ஜெர்மனியில் தேறியது பிரிட்டனில் செல்லாது. இரண்டிலும் தேறியது அமெரிக்காவில் செல்லாது. அமெரிக்கர் அபாயப் பகுதிகளைப் பிரிக்கும் முறையே வேறு. கேபிளை இரும்புக் குழாய்க்குள் ஓட்டி, குழாயை இடையிடையே அடைத்துவிடுவது அவர்கள் வழக்கம். மூன்று நாட்டுக்கு விற்க விரும்புகிறவர் ஒரே மோட்டாரை மூன்று முறை வெடித்துக் காட்ட வேண்டும், சில வேளை மூன்று விதமாகச் செய்யவும் வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் தத்தம் நாட்டுத் தொழிலுக்கு வேலி போட்டுக்கொண்டார்கள் என்ற முணுமுணுப்பு நியாயமானதே. சர்வதேச மின்தொழில்நுட்பக் கமிஷன் இதற்கென ஒரு குழுவை 1948-இல் நிறுவியது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் ஆணையை வெளியிட்டு, ஒரு நாட்டு அத்தாட்சியை மற்ற நாடுகள் ஏற்க வழி செய்தது. 1994-இல் வந்த அட்டெக்ஸ் ஆணை இன்னும் தூரம் சென்றது.

அட்டெக்ஸ் ஆணை உற்பத்தியாளருக்குக் கொடுத்த அதிர்ச்சி சிறிதன்று. 2003-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதிக்குப் பின் பழைய அத்தாட்சியைக் கொண்டு புதுச் சரக்கை ஐரோப்பியச் சந்தையில் வெளியிட முடியாது என்றாயிற்று. அதுவரை சேர்த்துவைத்த அத்தாட்சிகள் அனைத்தையும் புதுப்பித்தாக வேண்டும். விற்பனை குறைந்த வகைகளைப் புதுப்பிப்பதைவிடக் கைவிடுவதே லாபம் என்று கணக்கிட வேண்டியதாயிற்று. மின்சாரமே இல்லாத பம்பு, பல்சக்கரப் பெட்டி ஆகியவற்றுக்கும் ஆணை பொருந்தும் என்றதால், இத்தனை காலம் இந்த உலகத்தையே அறியாத தொழிலதிபர்களும் உள்ளே இழுக்கப்பட்டனர். உராய்வால் சூடேறும் பேரிங்கும் பொறியைப் போலவே வாயுவைப் பற்றவைக்கும் அல்லவா? அந்தப் பரபரப்புக்கு நடுவே 2002-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் பக்ஸ்டனில் நடத்திவந்த தன் அத்தாட்சிப் பணியை மூடிவிட்டது. 1967 முதல் பாஸீஃபா என்ற பெயரால் புகழ்பெற்றிருந்த பணி அது. அங்கே வேலை பார்த்தவர்களே தனியார் நிறுவனம் அமைத்து அப்பெயரைக் காத்துத் தொடர்ந்தார்கள். கிரீடத்தில் தொடங்கிய முத்திரை வாணிகமாக முடிந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இக்காலத்தில் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. உற்பத்தியாளரின் அன்றாட வாழ்வை மாற்றியது உண்மையில் இதுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். முற்கால அத்தாட்சி முறை முழுவதும் அந்தப் பழமொழியின் மேல் நின்றது. ஒரு மாதிரிப் பெட்டியை வெடித்துப் பார்த்துத் தேறினால், அதே வரைபடத்தில் வரும் பெட்டிகள் எல்லாம் தேறியனவே. ஆனால் சோறு ஒரே பானையில், ஒரே தீயில் வெந்தது. பெட்டிகளோ வெவ்வேறு நாளில், வெவ்வேறு உருக்கில், வெவ்வேறு கையால் கடையப்பட்டவை. மாதிரியை அக்கறையோடு செய்து அனுப்பிவிட்டு, பிறகு தேய்ந்த கருவியால் கடைந்து தள்ளினால் அத்தாட்சிக்குப் பொருள் என்ன? ஆகவே சோதனைக்கூடத்தார் தொழிற்சாலைக்கே வந்து பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. இடைவெளியை எந்தக் கருவியால் அளந்தார்கள், அக்கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது, வார்ப்புக்கு அழுத்தச் சோதனை செய்த பதிவேடு எங்கே, வரைபடத்தின் எந்தத் திருத்தம் இப்போது பட்டறையில் இருக்கிறது என்றெல்லாம் கேட்கிறார்கள். 1996-இல் தொடங்கி வளர்ந்த ஐ.இ.சி. இ.எக்ஸ். என்ற சர்வதேச அத்தாட்சி முறையிலும் இவ்வாராய்வு இன்றியமையாதது; இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. அம்முறையில் வழங்கும் அத்தாட்சிகளை யாரும் கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் போலிப் பத்திரத்தைக் காட்டி விற்பது கடினமாகியிருக்கிறது.

நம் நாட்டில் ஓர் உற்பத்தியாளர் இன்று ஏற வேண்டிய படிகள் எவை? முதலில் சோதனை, தன்பாது நிலையம் இப்போது மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு அப்பணியைத் தொடர்கிறது, வேறு சில சோதனைக்கூடங்களும் உள்ளன. சுடர்காப்புப் பெட்டியாயின் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்கான உரிமம். எண்ணெய், பெட்ரோலிய இடங்களுக்கு நாகபுரியில் தலைமையகமுள்ள வெடிபொருள் பாதுகாப்பு இலாகாவின் அனுமதி. சுரங்கத்துக்கு வேண்டுமானால் தன்பாதில் உள்ள சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் அனுமதி. ஒவ்வொன்றுக்கும் கட்டணம், ஒவ்வொன்றுக்கும் காலக்கெடு, ஒவ்வொன்றையும் புதுப்பிக்கத் தனிக் கணக்கு. இதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் தொழிற்சாலைக்குச் சுமை தெரிவதில்லை. முதலாளியே வார்ப்பையும் பார்த்து, வரவு செலவையும் எழுதும் பட்டறையில் அது பெருஞ்சுமை. சோதனையின் கடுமையைக் குறைக்க வேண்டும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஒரே சோதனை அறிக்கையை நான்கு மேசைகளும் ஏற்று நடக்குமானால் எந்த உயிருக்கும் அபாயமில்லை என்று மட்டும் சொல்வோம்.

அத்தாட்சி எட்டாத ஓர் இடம் உண்டு. பத்தாண்டு ஓடிய மோட்டார் சுருள் கருகிப் பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறது. அங்கே சுருளைப் புதிதாகச் சுற்றுகிறார்கள். விளிம்பில் ஏறிய துருவை உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். தொலைந்த இரண்டு போல்ட்டுக்குப் பதில் பெட்டியில் கிடந்த வேறு இரண்டைப் போட்டு முடுக்குகிறார்கள். வண்ணம் பூசி அனுப்பும்போது மோட்டார் புதிது போலவே இருக்கிறது. பெயர்த்தகடும் அதன் மேல் பொறித்த முத்திரையும் அப்படியே இருக்கின்றன. பழுதுபார்ப்பதற்கும் சர்வதேச விதி உண்டு. விளிம்பை அளந்து, பதிவெழுதி, அளவு மீறியிருந்தால் முத்திரைத் தகட்டைக் கழற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தகட்டில் உற்பத்தியாளரின் பெயர் இருக்கிறது. விளிம்பைத் தேய்த்தவர் பெயர் அதில் இல்லை.